விருந்தாளியான தேவமலர்

நியாலாஸ் பக்கம் சைக்கிளில் வருகிறவர்கள் தங்க இடம் கேட்டால், ஊர்க்காரர்கள் தேவமலர் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். பச்சை கேட், வாசலில் மஞ்சள் பள்ளி வேன். வேறு அடையாளம் தேவையில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்புவரை அந்த வீட்டில் வெளியாள் யாரும் தங்கியதில்லை. தேவமலர் பள்ளி வேன் ஓட்டுகிறாள். கணவர் மருதமுத்துவுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. ஒரே மகன் சிங்கப்பூருக்குப் போனதிலிருந்து அவன் அறை சும்மாதான் கிடந்தது. ஒரு மத்தியானம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது, கொட்டுகிற மழையில் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் சைக்கிளோடு நின்றாள். பெயர் ஷாந்தினி. ஈப்போவில் பல் கிளினிக் ஒன்றில் வேலை. லீவு போட்டுவிட்டுத் தனியாகத் தெற்கே மிதித்து வந்தவள். சைக்கிள் சங்கிலி அறுந்திருந்தது.

“ஏறும்மா,” என்றாள் தேவமலர்.

“சைக்கிள் இருக்கேக்கா.”

“அதுவும் ஏறட்டும் லா.”

பின் சீட்டுப் பிள்ளைகளை முன்னால் நெருக்கி உட்கார வைத்து, சைக்கிளைப் படுக்கப் போட்டார்கள். பதினோரு வீட்டில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் வீடு திரும்புவதற்குள் ஷாந்தினி நியாலாஸ் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டாள். ஒரு ராத்திரிக்கென்று வந்தவள் மூன்று நாள் இருந்தாள். போனபின் சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டாள்: ‘நியாலாஸில் மலர் அக்கா வீடு. ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.’

அதற்குப்பிறகு வரத்து ஆரம்பித்தது. ஜொகூரிலிருந்து ஒரு ஆசிரியத் தம்பதி வந்தார்கள். கட்டிலுக்கு வெளியே கால் நீண்ட ஒரு டச்சுக்காரர் வந்தார். அவர் ஆங்கிலத்தில் பேச, தேவமலர் மலாயில் பதில் சொன்னாள். இரண்டு பேருக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை. அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனபோது மட்டும் பிடுங்கிக்கொண்டாள். விருந்தாளி தட்டைத் தொடக்கூடாது, அது அவள் வீட்டுச் சட்டம். ஆரம்பத்தில் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மருதமுத்துவும், “மெயின் ரோட்ல லோரி ஜாஸ்தி, தோட்டத்துக்குள்ள போங்க,” என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வழி வரைந்து கொடுக்கத் தொடங்கினார்.

போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஷாந்தினி மறுபடி வந்தாள். காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: “வர்றவங்களையெல்லாம் வழி அனுப்புறீங்க. நீங்க எங்கயும் போறதில்லையாக்கா?”

“தினம் வேன்ல போறேனே.”

“அது பள்ளிக்கூடத்துக்கு. உம்பாய்க்குப் போவோமா? கடல் பார்த்துட்டு, சுட்ட மீன் சாப்பிட்டுட்டு வரலாம்.”

தேவமலருக்கு ஐம்பத்தோரு வயது. தோட்டத்தில் இருந்த காலத்தில் அப்பாவின் சைக்கிளைக் குரங்குப்பெடல் போட்டு ஓட்டியதோடு சரி. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “பக்கத்து வீட்டு சைக்கிளைக் கேட்டுப் பார்க்கிறேன்,” என்று வந்தது.

இரண்டு நாள் வாசலில் பழகிவிட்டுக் கிளம்பினார்கள். செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் பனி இன்னும் விலகவில்லை. வேன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பல்லாயிரம் தடவை பார்த்த மரங்கள்தான். ஆனால் ஈர மண்ணும், வெட்டிப்போட்ட குலைகளும் இப்படி மணக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஓர் இறக்கத்தில் பெடலிலிருந்து இரண்டு காலையும் எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

பாதி வழியிலுள்ள ஜாசின் வரைதான் அந்தச் சிரிப்பு. இடுப்புக்குக் கீழே எல்லாம் வலி. ஒரு சாமான் கடை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. கடைக்காரம்மா லத்தீஃபா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் முழங்காலைப் பார்த்தார்.

“இந்தக் காலோட எங்க போவீங்க? மாடியில ரூம் காலியா இருக்கு. இருந்துட்டு நாளைக்குப் போங்க.”

“வேணாங்கக்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றாள் தேவமலர். சொன்ன பிறகுதான் உறைத்தது: தன் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் முதலில் சொன்னது இதைத்தான். ஒருவர் பேச்சையாவது அவள் கேட்டிருக்கிறாளா?

“மாடு சாப்பிட மாட்டீங்கன்னு தெரியும். கோழிதான் ஆக்கப்போறேன்,” என்று லத்தீஃபா உள்ளே போய்விட்டார்.

விருந்தாளியாக இருப்பது மிதிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வெங்காயம் உரிக்கப் போனாள். லத்தீஃபா கத்தியை வாங்கி வைத்தார். தட்டைக் கழுவப் போனாள்; “உட்காருங்க லா மலர்,” என்று தோளைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினார். ஷாந்தினி சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூம் பக்கம் போனாள். கேட்காமலே தன் தட்டில் இன்னொருத்தி சோறு போட்டு எத்தனை காலமாயிற்று என்று தேவமலர் யோசித்துப் பார்த்தாள். அம்மா இருந்தபோது. அதற்குப்பிறகு எப்போதும் கரண்டி அவள் கையில்தான். இரண்டாவது தடவை லத்தீஃபா குழம்பு ஊற்ற வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் உம்பாய். மீன்கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. சாயங்காலம்தான் திறப்பார்களாம்.

“பரவால்ல, இருப்போம்,” என்றாள் தேவமலர். தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், வாங்கித் தின்றுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து படகுகள் வருவதைப் பார்த்தார்கள். மத்தியானம் மருதமுத்து போன் செய்தார்.

“நான் வந்து கூட்டிக்கிட்டுப் போகவா?”

“வேணாங்க. இன்னும் கடை தொறக்கல.”

“அப்ப எப்பத்தான் வருவே?”

“தெரியலங்க.”

போனைப் பையில் போட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மெதுவாகத் தண்ணீரை நோக்கி நடந்தாள்.