சேஃப்டிக்கு இன்னொரு டேக்

கேசட்டுக்குப் பெயர் எழுதி ஒட்டுகிறவளை யாரும் கவனிப்பதில்லை, ஒரு கேசட் தொலைகிற வரைக்கும்.

ஒரு சினிமா டைரக்டர் ஓசூர் பக்கம் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர் வேலை செய்கிற விதத்தை டாக்குமெண்டரியாக எடுக்க வந்தவர் கேமராமேன் முரளி சார். கூட டிரைவர் மஞ்சு. கான்வென்ட் இங்கிலீஷுக்காக, குறிப்பெழுதவும் கேசட்டுக்குப் பெயர் ஒட்டவும் என்னைச் சேர்த்தார்கள். வீட்டில் எட்டு மாதக் குழந்தை என்றதும் முரளி சார் இழுத்தார். "ஒரு வாரம் பார்ப்போம். தப்பு வந்தா நின்னுக்குங்க." எனக்கோ அந்த வேலை அவசியம்.

தக்காளிக் காட்சி

டைரக்டருக்கு ஒரு வழக்கம். டேக் நன்றாக வந்தாலும், "நல்லாயிருக்கு. சேஃப்டிக்கு இன்னொண்ணு" என்பார். உத்தனப்பள்ளியில் தோட்டக்கார அம்மாவையே நடிக்க வைத்தார். கூடையிலிருந்து தக்காளியைக் கொட்டவேண்டும், அவ்வளவுதான். ஐந்தாவது தடவை அந்தம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லாயிருக்குன்னு நீங்களே சொல்றீங்க, மறுபடி எதுக்குங்க சார்? தக்காளி நசுங்குதில்ல?"

மூடிய கண்

நடிகர்கள் வசனம் பேசும்போது டைரக்டர் அவர்களைப் பார்க்கமாட்டார். கண்ணை மூடி, காதை மட்டும் கொடுப்பார். குரலில் பொய் இருந்தால் தெரிந்துவிடுமாம். ஒரு கம்பெனி கேட் முன்னால் அப்படி நின்றபோது, வாட்ச்மேன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"எங்க நைட் ஷிஃப்ட் பசங்களும் இப்படித்தான் மேடம், நின்னமேனிக்கே தூங்குவானுங்க."

ரத்னம்மாவின் போன்

டைரக்டரின் நீண்ட பேட்டிக்கு ஒரே நாள்தான் கிடைத்தது. அரைமணி நேரம் பேசி முடித்தார். முரளி சார் கேசட்டை என் கையில் கொடுத்த நிமிஷம், செல் அடித்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ரத்னம்மா. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், "பயப்படாதே" என்று ஆரம்பித்தாலே காய்ச்சல்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி, கேசட்டை வண்டியிலிருந்த கேசட் பையில் போட்டுவிட்டு ஓடினேன். பெயர் ஒட்டவில்லை. எடுத்ததன் மேலேயே மறுபடி பதிவாகாமலிருக்க கேசட்டின் முதுகிலுள்ள சின்னப் பொத்தானைத் தள்ளவேண்டும், அதையும் தள்ளவில்லை.

வீட்டில் ரத்னம்மா சிரித்தார்.

"பல்லு வருதம்மா, அதுக்குப் போயி இப்படி ஓடியாரியா?"

வெறும் கேசட்

மறுநாள் மதியம் பையைத் துழாவினால் கேசட் இல்லை. முரளி சார் மலையில் இருந்தார், போன் எடுக்கவில்லை. மஞ்சுவைக் கேட்டேன். வண்டி துடைத்தபடியே சொன்னார்:

"பேர் இல்லாத கேசட்டா மேடம்? வெறும் கேசட்டுன்னு சார் அதுலதானே காலையில மலையை எடுத்தாரு."

ஒப்புக்கொண்டது

முரளி சார் இறங்கிவருவதற்குள் நானே சொல்லிவிடலாமென்று டைரக்டரிடம் போனேன். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லச்சொல்ல கண்ணை மூடிக்கொண்டார். என் குரலில் பொய் தேடுகிறாரோ என்று பட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

கண்ணைத் திறந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சொன்னார்:

"நீ ஓடினப்புறம் முரளிகிட்ட வேற கேசட் போடச் சொல்லி மொத்தத்தையும் மறுபடி பேசினேம்மா. முதல்ல பேசினது மனப்பாடம் ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு, அழிஞ்சதே நல்லது. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

அந்த இரண்டாவது கேசட் முரளி சாரின் பெட்டியில், பொத்தான் தள்ளி, பத்திரமாக இருந்தது. இரண்டாவது டேக்குக்காக டைரக்டரை மனதுக்குள் அதிகம் திட்டிய நான்தான் இப்போது கேசட்டின் பொத்தானையும் குழந்தையின் நெற்றியையும் சேஃப்டிக்கு இரண்டிரண்டு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.