சிலுவை போடாத சீட்டு

வாணலியில் அப்ப மாவை ஊற்றிவிட்டு ஹில்ப்பா தாவீதின் சங்கீதம் சொல்வாள். மூன்று வசனத்துக்கு ஒரு பக்கம் வேகும்; திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு. பெருநோன்புக்கு முந்தைய வாரம், நோன்பில் தொடக்கூடாத வெண்ணெயும் முட்டையும் வீட்டில் தீரும்வரை, அவள் சமையலறை ஜெபமும் புகையுமாகக் கிடக்கும். செய்த பாவம் கண் முன்னே நிற்கிறது என்று தாவீது அழும் இடம் வந்தால் மட்டும் வாய் நின்றுவிடும். இரண்டு வருடமாக அந்த இடத்தில் அப்பம் கருகுகிறது.

இலோமன்சி ஊரில் அவள்தான் தபால்காரி. பனியில் வண்டி புதைந்தாலும் இறங்கி நடந்து கடிதம் கொடுப்பாள். "முப்பத்தோரு வருஷம். ஒரு கடுதாசி வீடு மாறிப் போயிருக்கா, சொல்லுங்க பாப்போம்!" என்று அவள் சவால் விடாத வாசல் கிடையாது. அதனால்தான் கோயிலில் ஜெபத்துக்கு எழுதிக் கொடுக்கிற பெயர்ச் சீட்டுகளைப் பிரித்து வாசிக்கும் வேலையும் அவளுக்கு வந்தது. மேலே சிலுவை போட்ட சீட்டு இறந்தவர்களுக்கு. போடாதது உயிரோடு இருப்பவர்களுக்கு.

இரண்டு வருடம் முன்பு, ஆஸ்பத்திரியில் கிடந்த ஒந்திரேயின் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்துவிட்டாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. அவன் மனைவி நாஸ்தி முகம் வெளிறி வந்து நின்றபோது, "நீதாண்டி பதட்டத்துல சிலுவை போட்டுக் குடுத்துட்டே" என்று ஹில்ப்பா ஒரே போடாகப் போட்டாள். பத்தாம் நாள் ஒந்திரேய் இறந்தான். அன்று முதல் நாஸ்தி, "என் கையாலயே அவருக்குச் சாவு எழுதிட்டேன்" என்று புலம்புவதும், ஹில்ப்பா அவள் தோளைத் தட்டிக்கொடுப்பதுமாக நாள் போகிறது. வெட்கங்கெட்ட கை. நாஸ்தி கொடுத்த, சிலுவை இல்லாத அந்தச் சீட்டு ஹில்ப்பாவுடைய சங்கீதப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

நோன்புக்கு முந்தைய மாலை ஊரே வரிசையில் நின்று, ஒருவர் முன் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்கும். ஹில்ப்பா முத்திரை குத்துகிற வேகத்தில் "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று முடித்துவிடுவாள். போன வருடம் நாஸ்தி நெருங்கியபோது மட்டும், சாய்ந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தப் போய்விட்டாள்.

இந்த முறையும் மெழுகுவர்த்திப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். நாஸ்தி முந்திக்கொண்டு கையைப் பிடித்தாள்.

"எங்கடி ஓடுறே? என் ஒரு கிறுக்கலால அன்னிக்கு உன்னையும் ஊர் முன்னாடி தலைகுனிய வெச்சுட்டேன். மன்னிச்சுடு ஹில்ப்பா."

ஹில்ப்பா கையை உருவிக்கொண்டாள். கக்கத்தில் இருந்த சங்கீதப் புத்தகத்தைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாள். நாஸ்தி முன்பக்கம் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"சிலுவையே இல்லியேடி..."

முட்டிவலி என்று எப்போதும் பாதியே குனிகிற ஹில்ப்பா, மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். பின்னால் வரிசை நின்றது. அவள் எழவில்லை.