நாற்பது வீரர்களும் ஒரு லோடு ஆட்டோவும்

நகப்பூச்சின் காரமான வாசனையும் புது ஆணிகளில் தடவியிருக்கும் எண்ணெயின் வாசனையும் கலந்து வந்தால் எனக்கு ஏழாம் வகுப்புப் படித்த வருஷம்தான் நினைவுக்கு வரும். எண்ணெய் வாசனை தூத்துக்குடியில் அப்பா வைத்திருந்த இரும்புச் சாமான் கடையுடையது. நகப்பூச்சு, நானும் என் சிநேகிதி ஹலீமாவும் எங்கள் பொம்மை வீரர்களுக்குப் பூசியது. சிவப்பும் ஊதாவுமாக அவர்கள் சட்டை பளபளக்கும். கொஞ்சம் அதிகமாகத் தடவினால் பிளாஸ்டிக் இளகி மூக்கு காணாமல் போய்விடும்.

ஹலீமாவின் வாப்பா துபாயில் பிரிட்ஜ் மெக்கானிக். அங்கே மூடப்போகிற ஒரு பொம்மைக் கடையில் அந்த வீரர்கள் இருந்த பெட்டியை வாங்கிவந்தார். விரல் நீளம்கூட இல்லாத நாற்பது வீரர்கள், ஒரு பக்கத்துக்கு இருபது பேர். இரண்டு படைகளையும் மேசையில் எதிரெதிராக நிறுத்தி, அளவு டேப் வைத்து இத்தனை அங்குலம் என்று நகர்த்தி, பகடை உருட்டி யார் விழுந்தார் என்று முடிவு செய்ய வேண்டும். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு பாதியைப் படித்தோம், மீதியை நாங்களே போட்டுக்கொண்டோம். எல்லா வீரர்களும் வெறும் சாம்பல் நிறத்தில் வந்தார்கள், ஒருவனைத் தவிர. அவனை மட்டும் வாப்பா தன் அறையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வர்ணம் தீட்டியிருந்தார். கையில் நீலக் கொடி, கொடியில் எறும்பு அளவுக்கு இரண்டு வெள்ளை மீன்கள். அவனைக் "கொடிக்காரன்" என்று அழைத்தோம். ஹலீமா தூங்கும்போதுகூட அவனைத் தலைமாட்டில் வைத்திருப்பாள்.

ஆறாம் வகுப்பு முடியும்வரை ஹலீமா எங்கள் தெருவில் சித்தி முறையான அவள் சாச்சி வீட்டில் தங்கிப் படித்தாள். பிறகு காயல்பட்டினத்துக்கே போய்விட்டாள். படையை எப்படிப் பிரிப்பது? பிரித்தால் ஆட்டம் இல்லை. அதனால் ஒரு வாரம் படை அவளிடம், மறு வாரம் என்னிடம் என்று பேசிக்கொண்டோம். சனிக்கிழமைதோறும் அப்பா காயல்பட்டினத்துக்கு லோடு ஆட்டோவில் சாமான் கொண்டுபோவார். நான் டிரைவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு போவேன்.

படையைக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. முதலில் பஞ்சில் சுற்றிச் சாப்பாட்டு டப்பாவில் வைத்தேன். பஞ்சின் இழைகள் ஈட்டி முனைகளில் சிக்கி, எடுக்கும்போது இரண்டு ஈட்டி கையோடு வந்துவிட்டது. அடுத்து திரேஸ்புரத்தில் மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, கத்தியால் கீறி ஒவ்வொருவனையும் செருகினேன். நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் சூடை மீன் வாசம் போகவில்லை. ஹலீமா வீட்டுப் பூனை பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆனாலும் ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால், "இதுதாம்ளா சரி" என்று அவளிடம் சொல்லி எனக்கு ஒரே பெருமை.

அந்தச் சனிக்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளச் சோம்பல்பட்டுப் பின்னால் ஏற்றியிருந்த குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். முக்காணிப் பாலம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப் போட்டது. குழாய்கள் சரிகிற சத்தம் கேட்டது. ஆறுமுகநேரியில் டீ குடிக்க நிறுத்தியபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. ஆறேழு பேருக்குக் கை போயிருந்தது. கொடிக்காரனின் கொடிக்கம்பு மூன்று துண்டாகி, ஒரு மீன் தேய்ந்து அழிந்தே போயிருந்தது.

அவனையும் துண்டுகளையும் பொறுக்கிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். ஹலீமாவிடம் மற்றவர்களைக் காட்டினேன். கொடிக்காரனை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். அவள் கை உடைந்தவர்களைப் பார்த்து முகம் வாடினாள். பிறகு என்னைத் தேற்றுகிறாற்போல, "போனாப் போவுதுளா. நல்லகாலம், கொடிக்காரன் இன்னைக்கு வரல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உடனே ஒட்டுகிற பசையை எடுத்து ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் பசையின் ஆவி பட்டு நீலக் கொடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்தால் வர்ணமும் சேர்ந்து வந்தது, ஒட்டிய கம்பும் மறுபடி விட்டுக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் போனபோது ஹலீமா வாசலுக்கே ஓடி வந்தாள்.

"ஏளா பேச்சி, வாப்பா பெருநாளைக்கு வாராங்க. போன்ல கொடிக்காரனத்தான் மொதல்ல கேட்டாங்க. கொண்டாந்தியா?"

"அடுத்த வாரம்" என்றேன். அன்று நாங்கள் ஆடிய ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்றே எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் கடைக்குப் போய், மெல்லிய கம்பி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். எதற்கு என்றார். நான் பையிலிருந்து அவனை எடுத்து மேசையில் வைத்தேன். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. கட்டுக்கம்பியில் ஒரு சாண் வெட்டி, எண்ணெயைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "கம்பு நான் தாரேன். மத்தத நீதான் அந்தப் பிள்ளைகிட்ட சொல்லணும்" என்றார்.

சனிக்கிழமை போய்ச் சொன்னேன். ஹலீமா கொடிக்காரனை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "ஒடஞ்சது கூடப் பரவால்ல. மூணு வாரமா நாந்தான் ஒனக்கு ஆறுதல் சொல்லிட்டிருந்தேன்" என்றாள். உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. அதன்பிறகு இரண்டு சனிக்கிழமை நான் போகவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.

பெருநாள் கழிந்து, "உங்க மகள கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி" என்று வாப்பா அப்பாவுக்குப் போன் செய்தார். பயந்துகொண்டே போனேன். அவர் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார், எதிரில் நாற்பது பேரும். ஹலீமா சுவரோரமாக நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. வாப்பா கொடிக்காரனைத் தூக்கிப் பிடித்தார்.

"இவன மொதல்ல ஒடச்சது நாந்தாம்மா" என்றார். ஊருக்கு வரும்போது காலுறைக்குள் சுருட்டிச் சூட்கேஸில் வைத்தாராம். வந்து பிரித்தபோது கம்பு இரண்டாகக் கிடந்ததாம். மகள் எழுவதற்குள் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைச் சீவி ஒட்டிவிட்டாராம். "இவகிட்ட நானும்தான் சொல்லல."

ஹலீமா அவரை முறைத்தாள், பிறகு என்னை முறைத்தாள். "ரெண்டு பேரும் கள்ளப்பயலுவ" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

வீரர்களைக் கொண்டுபோவதற்கென்றே துபாயில் நுரைப்பஞ்சு வைத்த பெட்டிகள் கிடைக்கும் என்றும், அதன் விலைக்கு இன்னொரு படையே வாங்கிவிடலாம் என்றும் வாப்பா சொன்னார். பிறகு எழுந்துபோய், தெருக்கோடி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த பழைய பிரிட்ஜ் கதவின் ரப்பரை உரித்துக்கொண்டு வந்தார். அதற்குள் நீள நீளமாகக் காந்தப் பட்டை இருந்தது. கதவைப் பிடித்து மூடுவது அதுதானாம். சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒவ்வொருவன் காலடியிலும் ஒட்டினோம். ஹலீமாவின் உம்மா கொடுத்த எவர்சில்வர் டப்பாவில் காந்தம் பிடிக்கவே இல்லை. அப்பா ஆட்டோவிலிருந்து ஆணி போடும் சதுரத் தகர டப்பாவைக் காலி செய்து கொண்டுவந்தார். வீரர்களை அதில் நிறுத்தினோம். "டக்" என்று பிடித்துக்கொண்டார்கள். வாப்பா டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினார். ஒருவனும் விழவில்லை. அப்பா கொடுத்திருந்த கட்டுக்கம்பியில் புதுக் கொடி கட்டி, மீன்களை இந்தத் தடவை ஹலீமா வரைந்தாள். அவை மீன் மாதிரி இல்லை, ஆனால் யாரும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு வரைக்கும் அந்த டப்பா போய் வந்தது.

அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் வாப்பா இறந்தபோது ஹலீமா கத்தாரிலிருந்து வந்திருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தோம். உப்புக்காற்றில் தகர டப்பா அரித்துப்போயிருந்தது; தூக்கியதும் அடித்தகடு துருவாக உதிர்ந்தது. வீரர்கள் நன்றாகவே இருந்தார்கள்.

எல்லாரையும் நீயே கொண்டுபோ என்றேன். அவள் கேட்கவில்லை. "வாப்பா ரெண்டு பேருக்கும்தான வாங்கினாங்க" என்று எண்ணிப் பிரித்தாள். கொடிக்காரனோடு இருபது பேரைத் துணித் துண்டுகளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினாள். மற்ற இருபது பேரும் என் அலுவலக மேசையில் வரிசையாக நிற்கிறார்கள். ஆட வேண்டுமென்றால் எதிரில் நிறுத்த ஆளில்லை.