பொடி டப்பாவில் சேர்த்த முள்

வலது பாதத்தில் முள் குத்தியதை நான் பொருட்படுத்தவே இல்லை. எருமப்பட்டிப் பக்கம் காட்டு வேலை செய்கிறவன் முள்ளுக்குப் பயந்தால் சோறு தின்ன முடியாது. செருப்பை வரப்பில் கழற்றிவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவோம். விளைகிற மண்ணைச் செருப்புக் காலால் மிதிப்பது எங்களுக்கு ஆகாது. அதில் என் மனைவி என்னைவிடக் கறார்.

சில மாதம் கழித்து அந்த இடம் வீங்கியது. வலி இல்லை. பிறகு வீக்கத்தில் சின்னச் சின்னக் கண் திறந்து, நீரோடு கடுகு போலக் கறுப்பாக ஏதோ வந்தது. முள்தான் மக்கிப் பொடிப்பொடியாக வெளியேறுகிறது என்று வீடே சந்தோஷப்பட்டது. நான் அதையெல்லாம் ஒரு மூக்குப்பொடி டப்பாவில் சேர்த்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெருமையாகக் காட்டினேன். இரண்டு வருஷம் இப்படி முட்டாளாக இருந்தேன். கிணற்றுத் தண்ணீரைக் கவலை கட்டி இறைக்க மாடுகளோடு முன்னும் பின்னும் நடக்க முடியாமல் போனபோதுதான், யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய கரி பஸ் ஏறிச் சேலத்துக்குப் போனோம்.

டாக்டர் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கினார்.

"இது முள் இல்லைய்யா, பூஞ்சை. மண்ணுல இருக்கிறது. முள்ளோட உள்ளே போய் வளர்ந்துட்டே இருக்கு. சதையோட நின்னிருந்தா தோண்டி எடுத்துடலாம். எலும்புக்குள்ள போயிருந்தா பாதத்தையே எடுத்தாகணும். திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"எடுங்க சாமி. ஒத்தக் கால்லயும் கவலை ஓட்டுவனுங்க," என்றேன்.

வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை. கையெழுத்துப் போடும்போதுதான் என் பேரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் போர்வையை விலக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியிடம், "இருக்குதா?" என்று கேட்டேன். அவள் கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த பெருவிரலைப் பிடித்துத் திருகினாள். வார்டே அதிரக் கத்தினேன்.

"இருக்குதுங்க," என்றாள், அழுதுகொண்டே.

உள்ளங்காலில் ஒரு கைப்பிடிச் சதை போயிருந்தது. எலும்பு தப்பித்தது. இனி வெறுங்காலோடு மண்ணில் இறங்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

புண் ஆறி முதல்முதலாகக் காட்டுக்குப் போன அன்று, வரப்பு வந்ததும் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றினேன். முன்னால் போன மனைவி திரும்பி வந்தாள். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என் செருப்பைக் கையில் எடுத்து, வரப்பை ஒட்டிக் காட்டு மண்மேல் வைத்தாள்.

"மண்ணு கோவிச்சா நான் பாத்துக்கறனுங்க. போட்டுக்கிட்டு வாங்க."