சொல்லாமல் விட்ட மூன்றாவது பெயர்

பிரசவ வார்டில் அவளை எல்லோரும் 'பாட்டில் நர்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் விரல் நீளத்துக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். டாக்டர் கைவிரித்துவிட்ட குழந்தைக்கு, பெற்றவர்கள் கேட்டால், ஃபாதர் வந்து சேரும்வரை காத்திராமல் அவளே ஞானஸ்நானம் கொடுப்பாள். நெற்றியில் மூன்று முறை தண்ணீர், முறைக்கொரு பெயர். பிதா, சுதன், பரிசுத்த ஆவி.

"ஃபாதர் வேலையையும் நீயே பாத்துட்டா, அவர் என்னடி பண்ணுவார்?" என்று ஆயா சீண்டுவாள்.

"பிரசங்கத்தைச் சுருக்க நேரம் கிடைக்கும்ல" என்பாள் இவள்.

தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்ட அன்று, அந்தப் பாட்டில் சொந்த ரத்தத்துக்கே தேவைப்பட்டது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் பையன்; டாக்டர் கைவிரித்துவிட்டார். பிதாவின் பெயரால் முதல் தண்ணீர். சுதனின் பெயரால் இரண்டாவது. மூன்றாவதற்குக் கை உயர்ந்தபோது குழந்தையின் மூச்சு நின்றது. பதினெட்டு வருஷத் தொழில் முந்திக்கொண்டது. பாட்டிலைப் போட்டுவிட்டு இரண்டு விரலால் நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள். டாக்டர் தோளைத் தொட்டு, "போதும்மா" என்றபோதுதான், அந்தப் பெயர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது உறைத்தது.

மயக்கம் தெளிந்ததும் தங்கை கேட்ட முதல் கேள்வி: "மூணு பேரையும் சொல்லி முடிச்சியாக்கா?"

"முடிச்சேன்டி."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தங்கை மூன்று வருஷமாக எழுந்து நடமாடினாள். இவளுக்கோ, சிலுவை போடும்போதெல்லாம் மூன்றாவது பெயர் வரவில்லை. கடைசியில் ஃபாதரிடம் போய்ச் சொன்னாள்.

"அவங்க மூணு பேரும் தனித்தனி வீட்டுல குடியிருக்கலம்மா. ஒருத்தர் இருக்கிற இடத்துல மூணு பேரும் இருக்காங்க. உன்னைப் பிதாவைக் கூப்பிட வச்சதே அந்த ஆவியானவர்தான். சடங்குல குறை இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ பேர் சொல்லலைன்னு அவர் வராம போயிடுவாரா?"

கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பொய், பொய்யாகவே நெஞ்சில் கிடந்தது. நேரே தங்கை வீட்டுக்குப் போனாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையின் கை, உண்மையைக் கேட்டதும் அப்படியே நின்றது.

"மூணு வருஷம் என்னை ஏமாத்தியிருக்க."

"ஆமாடி."

"பாதியில விட்டுட்டு எங்க போன?"

"எங்கயும் போகல. அவன் நெஞ்சை அமுக்கிட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். மூச்சு விடுடா செல்லம்னு கெஞ்சிக்கிட்டே இருந்தேன்."

தங்கையின் முகம் கோணியது. "பேரைச் சொல்லி முடிச்சதும் அவனை ஒரு ஓரமா படுக்க வச்சிருப்பீங்க, தனியாவே போயிட்டான்னு நெனச்சேன்க்கா. கேக்கவே பயமா இருந்துச்சு."

இவள் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த இருபது நிமிஷமும் ஆவியானவரும் அங்க இருந்திருப்பாரா?"

"தெரியலடி. நான் இருந்தேன்."

தங்கை மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். இவள் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை.

"நாளைக்கு வராத" என்றாள். சற்றுப் பொறுத்து, "நாளன்னிக்கு வா."