பைக்குள் போட்ட டொலமைட்

வத்தேகமைக்கு மேலே, எங்கள் வீட்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகையில் இருநூறு பை ஸ்ட்ரோபெரி வைத்தோம். மண் கிடையாது. தேங்காய்த் தும்புத்தூளும் கருக்கிய உமியும் கலந்த பைகள். உரம் தண்ணீரில் கரைந்து குழாய் வழியாகப் போகும். பழம் பெரிதாகவும் இனிப்பாகவும் இருந்தால் வாராவாரம் எடுப்பதாகக் கண்டியில் ஒரு ஹோட்டல்காரர் சொல்லியிருந்தார். அது நடந்தால் என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவேண்டாம். நடக்காவிட்டால் போகவேண்டும். ஏஜென்சிக்காரன் அவள் பாஸ்போட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பல வருடம் வேலை செய்தவன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூளைத் தூவுவோம், மண்ணின் புளிப்பு அடங்குவதற்கு. ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, கை தானாகப் போகும். ஸ்ட்ரோபெரிப் பயிற்சிக்கு அவள்தான் போய்வந்தாள். தேயிலை பார்த்தவனுக்கு இது என்ன பெரிய செடி என்ற திமிரில் நான் போகவில்லை. பை நிரப்பும்போது டொலமைட் மூட்டையை அவிழ்த்தேன்.

"மண்ணே இல்லாத பைக்கு எதுக்குங்க டொலமைட்டு?" என்று கேட்டாள்.

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு" என்றேன். மூடிக்கொண்டாள்.

பூ எடுக்கும் சமயம் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. செடிக்குப் பசி என்று நானே முடிவுகட்டி இன்னும் ஒவ்வொரு பிடி போட்டேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். பழம் கோலிக்குண்டு அளவில் வெளிறி வந்தது. ஹோட்டல்காரர் ஒன்றைக் கடித்துவிட்டு, மரியாதைக்கு விழுங்கினார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

பின்னர்தான் விவசாயப் போதனாசிரியையைக் கூப்பிட்டோம். அந்த மிஸ் பையிலிருந்து வடிந்த தண்ணீரில் ஒரு தாளை நனைத்து, அதன் நிறத்தைப் பார்த்தார். தும்புத்தூளில் அடக்குவதற்குப் பெரிய புளிப்பு எதுவும் இல்லை, டொலமைட்டால் காரத்தன்மை ஏறிவிட்டது, இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை என்றார். அப்படியே வரிசைக் கடைசிக்குப் போனவர் நின்றுவிட்டார். அங்கே நான்கு பைகளில் மட்டும் இலை கரும்பச்சையாக, பழம் கட்டைவிரல் பருமனில் சிவந்து தொங்கியது. இதற்கு என்ன போட்டீர்கள் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் போடல மிஸ்" என்றாள் என் மனைவி.

எனக்குத் தெரியாமல் நான்கு பையை டொலமைட் கலக்காமல் நிரப்பி, நான் மறுபடி போட்டபோதும் என் கையில் படாமல் ஒதுக்கி வைத்திருந்தாள். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். அப்படி ஓர் இனிப்பு. நான்கு பைப் பழம் எந்த ஹோட்டலுக்குக் காணும்?

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் துணிகளை மடித்துப் பையில் அடுக்கினாள்.

போகிற அன்று காலை வத்தேகம பஸ் ஸ்டாண்டில் நின்றோம். என்ன பேசுவதென்று தெரியாமல், "அங்க வீட்டுக்காரங்க எடுத்ததுக்கெல்லாம் சத்தம் போடுவாங்களாம். எப்படித் தாங்குவ?" என்று கேட்டேன்.

"அது எனக்குப் பழக்கந்தானங்க" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. பஸ் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.