மாத்திரை உணவல்ல

ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை. கிள்ளான்.

விடியுமுன் என் மனைவி எழுந்தாள். பல் துலக்கினாள். சர்க்கரை நோய்க்கான மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கினாள். வேறெதுவும் உண்ணவில்லை. படையலுக்கான பருப்பை ஊறவைத்தாள். நாங்கள் இருவரும் எங்கள் தாமான் குடியிருப்பின் ஏரிப் பூங்காவுக்கு நடக்கச் சென்றோம். வெயில் ஏறத் தொடங்கியபோது, ஏரியின் மறுகரையில், அவள் விழுந்தாள். வடிகாலின் சிமெண்டு விளிம்பில் தலை மோதியது. ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது அவளுடைய இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. மாலையில் அவள் இறந்தாள். அப்போது அமாவாசைத் திதி முடிந்திருக்கவில்லை.

நடந்தவை இவ்வளவே. எங்கள் உறவினர்கள் இவற்றில் கடைசி வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வெறும் வயிற்றில் நடப்பதா, ஏதேனும் உண்டுவிட்டு நடப்பதா என்பது எங்கள் பூங்காவில் தினமும் நடந்த வழக்கு. தீர்ப்பு வந்ததே இல்லை. வாதி, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கைப்பேசியில் உடற்பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அவற்றை எங்களுக்கு ஒப்பிப்பவர். பிரதிவாதி, கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர். அவர் ரொட்டி சானாய் தின்றுவிட்டுத்தான் நடக்க வருவார்.

"வெறும் வயித்துல நடந்தாத்தான்ணே கொழுப்பு கரையும். தின்னுட்டு நடந்தா, தின்னதுதான் கரையும். கொழுப்பு அப்படியே சொகமா உக்காந்திருக்கும்."

"எண்ணெ ஊத்தாம உன் மோட்டோரு ஓடுமாலா?"

"ஒங்க மோட்டோருக்கு டேங்கியே முன்னாடிதானே தொங்குது. அப்புறம் எதுக்கு ஊத்துறீங்க?"

என் மனைவி வாய்விட்டுச் சிரிப்பாள். பெரியவர் அவளிடம் முறையிடுவார்: "பாத்தியா தங்கச்சி, வயசுல மூத்தவன்னுகூட பாக்கல."

பிறகு இருவரும் என் பக்கம் திரும்புவார்கள். "சார் கெமிஸ்ட்ரி படிச்சவரு. சார் சொல்லட்டும்." கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்ற காரணத்துக்காக, உணவு குறித்தும் உரம் குறித்தும் கொசு மருந்து குறித்தும் என்னிடம் கருத்துக் கேட்கப்பட்டது. நான் சொன்னது ஒன்றுதான்: உடம்பில் நோயில்லாதவர் எப்படி நடந்தாலும் பெரிய கேடில்லை, சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் உண்டுவிட்டு நடப்பதே நல்லது. அவள் அதைக் கேட்டுக்கொள்வாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பதில் வரும்.

"குளிக்காம, வெளக்கு ஏத்தாம வாயில ஒன்னும் வைக்க மாட்டேங்க. நடந்துட்டு வந்து குளிக்கிறதா, குளிச்சிட்டு நடந்து வேர்த்துட்டு வந்து இன்னொரு தடவ குளிக்கிறதா?"

"மாத்திரையை மட்டும் விழுங்குகிறாயே?"

"மாத்திரை சாப்பாடு இல்லையே. சாப்பாட்டுக்கு முன்னாடின்னுதான் போட்டிருக்கு. நான் முன்னாடிதான் போடுறேன்."

அவள் ஏமாற்றவில்லை. மருந்து உறையில் எழுதியிருந்ததை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினாள். சாப்பாட்டுக்கு முன் என்ற அந்த இடைவெளிக்குள் நடை வந்தது, குளியல் வந்தது, விளக்கு வந்தது, பூப்பறித்தல் வந்தது. மற்ற நாள்களில் இடைவெளி சிறியது. அமாவாசையில் அது நண்பகலைத் தாண்டி நீளும். என் பெற்றோருக்குப் படையல். அவள் சமைப்பாள், உப்புக்கூடச் சுவை பார்க்க மாட்டாள். காகத்துக்குச் சோறு வைத்து, காகம் எடுத்த பிறகே இலை போடுவாள். அதுவரை அவளுடைய வயிற்றில் இருப்பது அந்த மாத்திரை மட்டும். அது, உள்ளே சோறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலை தொடங்கும் வகையைச் சேர்ந்ததல்ல. விழுங்கியவுடன் சர்க்கரையை இறக்கத் தொடங்கும். நடையும் தன் பங்குக்கு இறக்கும்.

அறிகுறிகள் வந்தன. சென்ற ஆண்டு புரட்டாசியின் ஒரு சனிக்கிழமை, நடந்துவிட்டு வந்தவள் வாசல் இரும்புக் கதவின் பூட்டில் சாவியை நுழைக்க முடியாமல் நின்றாள். சாவி துவாரத்தின் இருபுறமும் பட்டுப் பட்டு விலகியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அவளுடையதாக இல்லை. கழுத்தில் கைவைத்தேன், வேர்வை குளிர்ந்திருந்தது. சர்க்கரை போட்ட தேநீரைக் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்தேன். சற்று நேரத்தில் அவள் முழுமையாகத் திரும்பிவந்து, விரதத்தைக் கெடுத்ததற்காக என்னைக் கடிந்துகொண்டாள்.

வேறொரு நாள், பூங்காவில், பேச்சின் நடுவே நின்றாள். "யாரோ வெளக்கக் கொறைச்ச மாதிரி இருக்கு" என்றாள். அப்போது நல்ல வெளிச்சம். துறைமுகத்துக்காரர் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: "அதாங்கா, ஒடம்பு கொழுப்ப எடுத்து எரிக்க ஆரம்பிக்குது. அந்த டைம்ல அப்படித்தான் இருக்கும்." பெரியவர் சட்டைப் பையிலிருந்து மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். அன்று அமாவாசை. அவள் அதை வாங்கி, உறையைப் பிரிக்காமல், சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நாங்கள் மருந்து வாங்கும் கிளினிக்கில் ஒவ்வோர் ஆண்டும் நோன்பு மாதத்துக்கு முன் ஓர் அறிவிப்பு ஒட்டுவார்கள்: சர்க்கரை நோயாளிகள் நோன்பு தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வேளையை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரியவர் தவறாமல் போவார். அவருக்கு மாத்திரையின் அளவைக் குறைத்து, நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றித் தருவார்கள். அந்த மாதம் அவருடைய காலை நடையும் நின்றுவிடும். எங்கள் அமாவாசையைப் பற்றியோ புரட்டாசிச் சனிக்கிழமைகளைப் பற்றியோ அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்க அவர்களுக்குத் தெரியாது. சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. விரதம் வீட்டு விஷயம். மருத்துவரிடம் கொண்டுபோகும் விஷயமல்ல என்றே நினைத்திருந்தோம்.

அந்த ஞாயிறு என் முழங்கால் வலித்தது. ஒரு சுற்று முடிந்ததும் கல் இருக்கையில் அமர்ந்துவிட்டேன். அவள் அடுத்த சுற்றுக்குப் போனாள். ஏரியின் மறுகரையில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; மஞ்சள் நிறச் சுடிதார் மரங்களுக்கிடையே மறைந்தும் தெரிந்தும் வந்தது. பிறகு அது நின்றது. திரும்பி, வந்த வழியே நடந்தது. மறுபடியும் திரும்பியது. நடைபாதையை விட்டுப் புல்லில் இறங்கியது. அவள் வலக்கையை உயர்த்தினாள். என்னைப் பார்த்து அசைக்கிறாள் என்று நினைத்து நானும் கையை உயர்த்தினேன். நீருக்கு அப்பால் அவளுடைய கை உயர்ந்தபடியே இருந்தது. பிறகு அவள் தெரியவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இளம் மருத்துவர் ஒருவர் எனக்கு ஒழுங்காக விளக்கினார். சர்க்கரை இறங்கியதால் நினைவு தடுமாறியிருக்கிறது, அதனால் விழுந்திருக்கிறார், தலைக்குள் இரத்தக் கசிவு. என்ன உண்டார் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மாத்திரை எடுத்தாரா என்றார். எடுத்தாள் என்றேன். அவர் இரண்டையும் கோப்பில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர்கள் வேறு விளக்கம் கொண்டுவந்தார்கள். "ஆடி அமாவாசையில போறதுன்னா சும்மாவா? விரதத்தோட போயிருக்கா, புண்ணியவதி." பக்கத்து நகரான பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்திருந்த என் மகள் அப்போதுதான் அழுகையை நிறுத்தினாள். எங்களுக்கு ஒரே பிள்ளை அவள். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். மருத்துவர் சொன்னதை அந்த அறையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு, சொல்வதற்கான நாள் என்று எதுவும் தனியாக வரவில்லை.

நாளை புரட்டாசி அமாவாசை. படையலுக்கு வேண்டியவற்றை வாங்க மகளும் நானும் இன்று தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் சந்தித்தோம். அவளே அழைத்திருந்தாள். வாழையிலை, வாழைக்காய், பூ, அம்மாவுக்கு ஒரு சேலை. வாங்கி முடித்து, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். அவள் இருமுறை சோறு கேட்டு வாங்கினாள்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒன்னும் இல்லையேப்பா. இன்னிக்கே டேங்கிய நெரப்பிக்கிறேன்."

"உன் வீட்டிலேயே படைக்கப்போகிறாயா?"

"ஆமா. காலைல எந்திரிச்சு ஓடிட்டு வந்து, குளிச்சிட்டு, சமைக்கணும். காக்காதான் பிரச்சனை. பத்தாவது மாடிக்கு வருமான்னு தெரியல." சிரித்தாள். "வராட்டி கீழ குப்பத்தொட்டிக்கிட்ட வச்சிட்டு வரணும்லா. அங்க ஒரு கும்பலே இருக்கு."

அம்மா இறந்த பிறகு அவள் பரிசோதனைக்குப் போனதும், சர்க்கரை இருப்பது தெரிந்ததும், காலையில் ஓடத் தொடங்கியதும் எனக்குத் தெரியும். எந்த மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று இன்றுதான் கேட்டேன். கைப்பையைத் திறந்து அட்டையைக் காட்டினாள். பெயரைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"விரதத்தன்று இதைப் போடுவாயா?"

"போடுவேன்பா. மாத்திரை போட்டா விரதம் கெடாது. அம்மாவும் போட்டுக்குவாங்கள்ல? அம்மா எப்படி செஞ்சாங்களோ, நானும் அப்படியே செய்யப்போறேன்."

பரிமாறுபவர் வாளியோடு வந்தார். "சார், ரசம்? அக்காவுக்கு?" அவள் இலையில் ஊற்றச் சொன்னாள். அவர் நகரும்வரை காத்திருந்தேன்.

"அம்மா விரதத்தால் புண்ணியம் தேடிப் போகவில்லை" என்று மகளிடம் சொன்னேன். "வெறும் வயிற்றில் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். சர்க்கரை இறங்கி விழுந்தாள். விழுந்ததால் இறந்தாள். டாக்டர் என்னிடம் சொன்னார்."

அவளுடைய கை இலையிலேயே இருந்தது. ரசம் இலையின் ஓரத்தை நோக்கி ஓடியது. அவள் தடுக்கவில்லை.

"அப்போ அமாவாசை?"

"அன்றைக்கு அமாவாசை. அவ்வளவுதான்."

"எல்லாரும் சொன்னாங்களே."

"சொன்னார்கள்."

"நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க. ஒன்னுமே சொல்லல."

அவள் எழுந்து கைகழுவப் போனாள். நெடுநேரம் குழாய் ஓடும் ஓசை கேட்டது. திரும்பியபோது முகம் ஈரமாயிருந்தது, முழுவதும் கழுவியிருந்தாள். வாங்கிய பொருள்களைத் தன் பையில் எடுத்துவைத்தாள். சேலைப் பொட்டலத்தையும் வைத்தாள். சென்ட்ரல் நிலையம்வரை அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால்.

"நாளைக்கு ஓடாதே" என்றேன். "விரதம் இருப்பதானால் மாத்திரையை விட்டுவிடு என்றும் நான் சொல்லக்கூடாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீ உண்டுவிடு. அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்."

"அம்மா என்ன நெனைப்பாங்கன்னு நீங்க சொல்லாதீங்கப்பா." பிறகு, குரலைத் தாழ்த்தி: "தெரியல. காலைல பாத்துக்கிறேன்."

எல்ஆர்டி ரயில் வாயிலில் பயண அட்டையைத் தொட்டு உள்ளே போனாள். படிக்கட்டில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கிள்ளான் ரயிலில் அமர்ந்ததும் அவளை அழைத்தேன். மணி அடித்தது. வீட்டுக்கு வந்து மறுபடியும் அழைத்தேன். குறுஞ்செய்தி அனுப்பினேன், அவள் படித்துவிட்டதைக் கைப்பேசி காட்டுகிறது. பதில் இல்லை.

செய்யாமல் நிற்பவை:

அவளுடைய மருத்துவரிடம் அவளோடு சென்று, விரத நாள்களைப் பற்றிச் சொல்வது.

கிளினிக்கில், நோன்பு அறிவிப்போடு எங்கள் விரதங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பது.

துறைமுகத்துக்காரரிடம் நடந்ததைச் சொல்வது. அவர் இன்னும் புதியவர்களுக்கு வெறும் வயிற்று நடையைப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கிறார்.

என் மனைவியின் மிச்ச மாத்திரைகளை மருந்தகத்தில் ஒப்படைப்பது.

நாளை முதல் ரயிலில், மகள் ஓடக் கிளம்புமுன், பெட்டாலிங் ஜெயா போய்ச் சேர்வது.